துணியா, பம்பஸா? ஒரு வீட்டுக் கணக்கு

இடம்பெயர்ந்து வாழும் குடும்பத்தில் கைக்காசு எப்போதும் இறுக்கம்தான். பெரிய செலவுகளை நாம் பலமுறை யோசித்தே செய்கிறோம். சில்லறையாகப் போகும் செலவுகளோ கடைக் கொப்பியில் ஏறிய பின்னரே கண்ணில் படுகின்றன. கைக்குழந்தைக்கு வாங்கும் பம்பஸ் அப்படியான ஒன்று. அதனை வாங்குவதா, துணி கட்டுவதா என்பதைக் கணக்குப் பார்த்தே தீர்மானிப்போம்.

பம்பஸ் என்பது 1961இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஒரு வர்த்தகப் பெயர். இன்று எந்தக் கம்பனியின் பொருளையும் நாம் அப்பெயராலேயே அழைக்கிறோம். உள்ளே பஞ்சுக் கூழும், நீரை உறிஞ்சிக் களியாக்கும் இரசாயனத் துகள்களும் உள்ளன. வெளியே இருப்பது பிளாஸ்ரிக். டொலர் விலை ஏறினால் இதன் விலையும் ஏறும். 2022 மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர் ஓரிரு மாதங்களுக்குள் 350 ரூபாவைக் கடந்ததை நாம் மறக்கவில்லை.

பம்பஸ் கணக்கு

கீழே வரும் விலைகள் கணக்குக்காக நாம் வைத்துக்கொண்டவை. உங்கள் கடை விலையைப் போட்டு நீங்களே பெருக்கிப் பாருங்கள். ஒன்று 80 ரூபா, நாளுக்கு 5 என்றால் நாளுக்கு 400 ரூபா. மாதம் 12,000 ரூபா. இரண்டு ஆண்டுகளில் 288,000 ரூபா.

துணிக் கணக்கு

24 துண்டுகள் வேண்டும். ஒன்று 250 ரூபாப்படி 6,000 ரூபா. வாளிக்கும் ஊசிக்கும் 1,500 ரூபா. மாதம் 8 கட்டிச் சவர்க்காரம், கட்டி 150 ரூபாப்படி, இரண்டு ஆண்டுகளுக்கு 28,800 ரூபா. மொத்தம் 36,300 ரூபா. பழைய பருத்தி வேட்டி, சாரத்தைக் கிழித்துத் தைத்தால் முதற்செலவும் பெரும்பாலும் மிஞ்சும். நைலோன் சேலை நீரை உறிஞ்சாது, அது உதவாது.

இத்துடன் கணக்கு முடியவில்லை. துணி கழுவ நாளுக்கு ஏறக்குறைய 40 லீற்றர் தண்ணீர் வேண்டும். வளவில் நல்ல கிணறு இருந்தால் செலவில்லை. 20 லீற்றர் கான் ஒன்றை 50 ரூபாவுக்கு வாங்குபவருக்கு இரண்டு ஆண்டுகளில் மேலும் 72,000 ரூபா. மொத்தம் 108,300 ரூபா.

அடுத்தது தாயின் உழைப்பு. நாளுக்கு ஒரு மணித்தியாலம் என்றாலும் இரண்டு ஆண்டுகளில் 730 மணித்தியாலம். அதாவது எட்டு மணித்தியாலப்படி 91 வேலை நாட்கள். நாட்கூலி 1,500 ரூபா என்றால் 136,500 ரூபா. அதையும் சேர்த்தால் 244,800 ரூபா. பம்பஸுக்கும் துணிக்கும் இடையில் இருந்த பெரிய வித்தியாசம் வெகுவாகச் சுருங்கிவிடுகிறது! துணி மலிவாக இருப்பதற்கு ஒரு காரணம், தாயின் வேலைக்கு நாம் விலை போடாததே.

ஆகவே என்ன செய்யலாம்?

கிணறு உள்ள குடும்பத்துக்குத் துணியே இலாபம். பகலில் துணி, இரவில் ஒரு பம்பஸ் என்றால் மாதம் 2,400 ரூபாவுடன் நித்திரையும் கிடைக்கும். நாற்று நடுகை, அறுவடை நாட்களில் கழுவும் வேலையால் ஒரு நாட்கூலி போகுமானால், அன்று மட்டும் பம்பஸ் வாங்குவது வீண்செலவல்ல. வைத்தியசாலைக்கும் தூரப் பயணத்துக்கும் அப்படியே. ஆனால் கடனுக்கு வாங்கி நாள் முழுவதும் கட்டுவது குடும்பத்தைத் தாழ்த்திவிடும். தண்ணீர் அள்ளுவதும் துணி காயப்போடுவதும் தகப்பன்மாருக்கும் உரிய வேலைகளே.

பேரன், பேத்தியைக் கால்களில் இருத்திப் பழக்கும் எமது பாட்டிமாரின் வழக்கத்தையும் விடவேண்டாம். நேரமறிந்து இருத்தினால் நாளுக்கு இரண்டு மூன்று துண்டுகள் மிஞ்சும். வெப்பமான பகலில் சற்று நேரம் ஒன்றும் கட்டாமல் விடுவது தோலுக்கும் நல்லது.

கவனிக்க வேண்டியவை

எதைக் கட்டினாலும் மலத்தை முதலில் மலசலகூடத்தில் கொட்டுங்கள். குழந்தையின் மலத்திலும் நோய்க் கிருமிகள் உண்டு. துணியைக் கிணற்றுக் கட்டில் கழுவாதீர்கள்; கழுவிய நீர் கிணற்றுக்குத் திரும்பக்கூடாது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்புத் தரையில் தண்ணீர் கடினமானது. அதில் சவர்க்காரம் எளிதில் நுரைக்காது. துணியிலும் ஒட்டி நிற்கும். இரண்டு முறை அலசாவிட்டால் குழந்தையின் தோல் சிவந்து புண்ணாகும். பின்னர் நல்ல வெயிலில் காயப்போடுங்கள். மழைக்காலத்தில் கூடுதலாக ஆறு துண்டுகள் கைவசம் இருக்கட்டும்.

பாவித்த பம்பஸை மலக்குழியில் போட்டால் குழி விரைவில் நிரம்பும். எரித்தால் நச்சுப்புகை வரும். வயலில் எறிந்தால் பிளாஸ்ரிக் உக்காது கிடக்கும். உள்ளூராட்சிக் குப்பை வண்டி வரும் இடத்தில் கட்டிக் கொடுங்கள். வராத இடத்தில், கிணற்றுக்கு எட்டவாக நாய் கிளறாத ஆழத்தில் புதைப்பதைத் தவிர வேறு வழி குறைவு. வாங்கும்போதே இதையும் நினைவில் வைத்தால், நாளுக்கு ஐந்து வேண்டுமா, ஒன்று போதுமா என்ற கேள்விக்கு விடை எளிதாகும்.