பச்சை வந்தால் போதுமா?



எங்க அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை செய்கிறார். தைத்து வரும் துணியில் ஓட்டை, கறை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கம்ப்யூட்டர் புரோகிராமுக்கும் செக்கிங் உண்டு என்று, சரவணம்பட்டியில் சாப்ட்வேர் வேலை செய்யும் பெரியம்மா மகள் அக்கா சொன்னார்.

'2-ஐயும் 3-ஐயும் கூட்டினால் 5 வருகிறதா?' என்று புரோகிராமைக் கேட்பது ஒரு டெஸ்ட். வந்தால் பச்சை, வராவிட்டால் சிவப்பு. எல்லா டெஸ்ட்டையும் தேடி எடுத்து ஓட்ட ஒரு கருவி வேண்டும். பைதான் மொழியில் 'நோஸ்' என்ற கருவி இருந்தது. 2015-க்குப் பிறகு அதற்குப் புதுப் பதிப்பு வரவில்லை. அதனால் பலர் 'பைடெஸ்ட்' என்ற கருவிக்கு மாறினார்கள். விஞ்ஞானிகள் கணக்குப் போடப் பயன்படுத்தும் 'நம்பை' கூட 2018-ல் மாறியது.

"பழைய டெஸ்ட்டை அப்படியே புதுசுல போட வேண்டியதுதானே அக்கா?" என்றேன்.

"அங்கதான் அம்மிணி நாங்க ஏமாந்தோம்" என்றார்.

கோப்பின் பெயர் 'டெஸ்ட்' என்று தொடங்கினாலே நோஸ் எடுத்துக்கொள்ளும். பைடெஸ்ட்டிடம் நாம் வேறுவிதமாகச் சொல்லி வைக்காவிட்டால், டெஸ்ட் என்ற சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் அடிக்கோடு இருந்தால்தான் எடுக்கும். அக்கா ஆபீசில் ஒரு கோப்பில் அடிக்கோடு இல்லை. பழையதில் 212 டெஸ்ட், புதியதில் 198. சிவப்பு ஒன்றுகூட வராததால் யாரும் எண்ணவில்லை. மூன்று வாரத்தில் வட்டிக் கணக்கில் தப்பு புகுந்துவிட்டது. அதைப் பிடிக்க வேண்டிய டெஸ்ட், ஓடாத அந்த 14-ல் இருந்தது!

பரீட்சைக்கே வராதவர் விடைத்தாளில் தப்பு கண்டுபிடிக்க முடியுமா? அதுபோல ஓடாத டெஸ்ட் சிவப்பு காட்டாது.

கருவியை மாற்றும்போது அக்கா இப்போது செய்வது:

1. மாற்றும் முன் டெஸ்ட்டுகளை எண்ணி எழுதி வைப்பது.
2. கொஞ்ச நாள் இரண்டு கருவியையும் ஓட்டி எண்ணிக்கையை ஒப்பிடுவது.
3. அந்த நேரத்தில் புரோகிராமை மாற்றாமல் இருப்பது. இல்லையென்றால் தப்பு எதனால் வந்தது என்று தெரியாது.
4. வேண்டுமென்றே ஒரு தப்பு செய்து, சிவப்பு வருகிறதா என்று பார்ப்பது. பிறகு அதைச் சரி செய்வது.

நாலாவதைக் கேட்டதும் அம்மா சிரித்தார். "நாங்களும் அப்படித்தான் கண்ணு. செக்கிங்குக்குப் புது ஆள் வந்தா, கட்டுக்குள்ள ஓட்டைத் துணி ஒண்ணு சொருகி வைப்போம். புடிச்சாத்தான் நம்புவோம்."

கம்ப்யூட்டர் படிக்காத அம்மாவுக்கு இது முன்பே தெரிந்திருக்கிறது! நாமும் பச்சையைப் பார்த்ததும் கை தட்ட வேண்டாம். எண்ணிப் பார்த்துவிட்டுத் தட்டுவோம்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி