மூன்றாம் தசமத்தில் சிக்கிய அணு உலை

0.7202 என்று வந்திருக்க வேண்டிய எண் 0.7171 என்று வந்தது. 1972 மே மாதம், பிரான்சின் பியர்லாத் யுரேனியச் செறிவூட்டல் ஆலையில் வழக்கமாகச் செய்யும் ஒரு பரிசோதனையின் முடிவு அது. யுரேனியத்தில் 235 என்ற ஐசோடோப்பு எத்தனை விழுக்காடு என்று சொல்லும் எண். பூமியில் எந்தச் சுரங்கத்தில் வெட்டினாலும், நிலவுப் பாறையைச் சோதித்தாலும் 0.72ஐ ஒட்டியே இருக்கும். இங்கே குறைந்தது ஆயிரத்தில் நான்கு பங்குதான். கருவிக் கோளாறு என்று தள்ளிவிட்டு அடுத்த மாதிரிக்குப் போயிருக்கலாம். ஆலையின் ஆய்வாளர்கள் போகவில்லை. ஆய்வகப் பணியில் நான் மிக மதிக்கும் குணம் இதுதான்.

இந்த எண்ணைக் கண்டறிவது சாதாரண வேதியியல் சோதனையால் ஆகிற காரியமல்ல. 235, யுரேனியத்தின் மற்றொரு ஐசோடோப்பான 238 இரண்டிலும் எலக்ட்ரான்கள் 92தான். அமிலத்தில் இரண்டும் ஒரே மாதிரிதான் கரையும். வேறுபாடு அணுக்கருவில் உள்ள மூன்று நியூட்ரான்கள் மட்டுமே. ஆகவே நிறையைத்தான் பிடிக்க வேண்டும். நிறை நிறமாலைமானி அதற்கான கருவி. யுரேனியத்தை வாயுச் சேர்மமாக்கியோ, சூடான உலோக இழையில் வைத்தோ அயனிகளாக்குகிறார்கள். மின்னழுத்தத்தால் வேகம் கொடுத்துக் காந்தப்புலத்துக்குள் செலுத்துகிறார்கள். லேசான அயனி கூடுதலாக வளையும், கனமானது குறைவாக. பிரிந்து வந்து சேரும் கற்றைகளின் மின்னோட்டங்களை ஒப்பிட்டால் விகிதம் தெரிந்துவிடும். மாதிரியின் எடைகூடத் தேவையில்லை. விகிதம் ஏற்கெனவே தெரிந்த தர மாதிரி ஒன்றையும் அதே கருவியில் ஓட்டுவதால் கருவியின் ஓரவஞ்சனையையும் திருத்திவிடலாம்.

வேறு வழியும் உண்டு. 235 சிதையும்போது 186 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் காமா கதிர் வரும். அதை எண்ணி, கொள்கலனைத் திறக்காமலே செறிவை மதிப்பிடலாம். பன்னாட்டு அணுசக்தி முகமையின் ஆய்வாளர்கள் களத்தில் இம்முறையைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அந்தக் கையடக்கக் கருவிகளின் பிழை வரம்பு பெரிது. பியர்லாத்தில் கண்ட விலகல் அதற்குள் மறைந்தே போயிருக்கும்.

முதல் சந்தேகம் கலப்படத்தின் மேல். ஆலையில் 235 உறிஞ்சப்பட்ட கழிவு யுரேனியம் இருந்தது; அது கலந்திருக்குமோ? அணு உலையில் எரித்த யுரேனியமாக இருந்தால் 236 தென்பட வேண்டும், அது இல்லை. சரக்கு வந்த வழியே படிப்படியாகப் பின்னோக்கிப் போனார்கள். தடம் ஆப்பிரிக்காவில், காபோன் நாட்டின் பிரான்ஸ்வில் அருகேயுள்ள ஓக்லோ சுரங்கத்தில் முடிந்தது. அங்கே பூமிக்குள் இருந்த தாதுவிலேயே 235 குறைவு. சில மாதிரிகளில் 0.44 வரை இறங்கியிருந்தது.

அதை எரித்தது யார்? விடையை நியோடிமியம் சொன்னது. இயற்கை நியோடிமியத்தில் 142 என்ற ஐசோடோப்பு 27 விழுக்காடு. அணுப்பிளவில் அது உண்டாவதில்லை. ஓக்லோவில் அது 6 விழுக்காட்டுக்கும் குறைவு. அங்கே அணுப்பிளவு நடந்திருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான கையெழுத்து வேண்டியதில்லை. இயற்கையே அணு உலை நடத்தியிருக்கிறது என்று பிரெஞ்சு அணுசக்தி ஆணையம் அந்த செப்டம்பரிலேயே அறிவித்தது. இப்படி நடந்திருக்கக்கூடும் என்று வேதியியலர் பால் குரோடா 1956லேயே கணக்கிட்டிருந்தார்.

கணக்கு எளியது. 235இன் அரை ஆயுள் சுமார் 70 கோடி ஆண்டு, 238க்கு 447 கோடி. 235 வேகமாக அழிவதால், பின்னோக்கிப் போகப் போக அதன் பங்கு கூடும். ஏறத்தாழ 200 கோடி ஆண்டுகளுக்கு முன் அது 3 விழுக்காட்டுக்கும் மேல். இன்றைய மின் உலைகளின் எரிபொருளுக்கு இணை. நிலத்தடி நீர் நியூட்ரான்களின் வேகத்தைத் தணித்ததால் தொடர்வினை பற்றிக்கொண்டது. சூடேறி நீர் ஆவியானதும் அணைந்தது. குளிர்ந்து நீர் ஊறியதும் மறுபடி தொடங்கியது. ஓக்லோ கனிமத்தில் சிக்கியிருந்த செனான் வாயுவின் ஐசோடோப்பு விகிதங்களை அளந்த அலெக்ஸ் மெஷிக் குழு, 2004இல் அந்தச் சுழற்சியின் நேரத்தையும் சொன்னது: அரை மணி நேரம் இயக்கம், இரண்டரை மணி நேரம் ஓய்வு.