புது ஊர்ல ஃப்ரெண்ட் கிடைக்க எத்தனை மணி நேரம் ஆகும்?

ஆஃபர் லெட்டர் வந்தாச்சு, ஜாயினிங் பெங்களூர்ல. எந்த ஏரியாவுல பி.ஜி., வாடகை எவ்வளவுன்னு எல்லாம் விசாரிச்சிருப்பீங்க. ஆனா ஞாயித்துக்கிழமை சாயங்காலம் "டீ குடிக்கப் போலாமா?"ன்னு அங்க யாரைக் கூப்பிடுவீங்க?

காலேஜ்ல நட்பு தானா வந்துச்சு. ஏன்னு தெரிஞ்சா, புது ஊர்ல என்ன செய்யணும்னும் புரிஞ்சிடும்.

அமெரிக்காவில் எம்.ஐ.டி. மாணவர் குடியிருப்பு ஒன்றில் லியோன் ஃபெஸ்டிங்கர் குழு நடத்திய ஆய்வு 1950-இல் வெளியானது. அடுத்தடுத்த வீட்டுக்காரங்க நெருங்கிய நண்பர்களா இருக்க வாய்ப்பு 41 சதவீதம். அதே மாடியில ரெண்டு கோடியில இருந்தவங்களுக்கு வெறும் 10 சதவீதம். அதாவது, தினமும் எதிர்ல பாக்குறதே பாதி நட்பு. நம்ம ஹாஸ்டல் ரூம்மேட் கதையும் இதுதானே!

சரி, எவ்வளவு நேரம் தேவை? கான்சஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018-இல் ஒரு கணக்கு சொன்னார். அறிமுகமானவர் சாதாரண நண்பராக சுமார் 50 மணி நேரம், நண்பராக 90, நெருங்கிய நண்பராக 200-க்கு மேல். ஒண்ணா வேலை செய்யற நேரம் இதுல அவ்வளவா சேராது. அரட்டை, சாப்பாடு, விளையாட்டுதான் சேரும்.

இப்போ கணக்குப் போடுங்க. ஹாஸ்டல்ல தினமும் 4 மணி நேர அரட்டைன்னா, 50 நாள்ல 200 மணி நேரம். வேலைக்குப் போனப்புறம் வாரத்துக்கு 2 மணி நேரம்தான்னா, 50 மணி நேரத்துக்கே 25 வாரம் ஆகும். அதனால மூணு மாசமாகியும் யாரும் செட் ஆகலன்னா, உங்ககிட்ட குறை இருக்குன்னு அர்த்தமில்ல. மணிக்கணக்கு இன்னும் சேரல, அவ்வளவுதான்.

எப்படிச் சேர்க்கறது? ஒரே இடம், ஒரே கிழமை, அதே ஆட்கள். வாராவாரம் டர்ஃப்ல ஃபுட்பால், சனிக்கிழமை கப்பன் பார்க்ல கூடிப் புத்தகம் படிக்கிற கூட்டம், அல்சூர் ஏரி பக்கம் பெங்களூர்த் தமிழ்ச் சங்கம்னு எதுவா இருந்தாலும் சரி. வாரம் ஒரு புது இடம்னு சுத்தினா, எல்லா இடத்துலயும் பூஜ்யத்துல இருந்துதான் ஆரம்பிக்கணும். ஆபீஸ்ல ஒருத்தரோட பேச்சு ஒத்துப்போச்சுன்னா, வேலை முடிஞ்சதும் தோசை சாப்பிடக் கூப்பிடுங்க.

"நம்மளை போர்னு நினைச்சிருப்பாங்களோ?"ன்னு தயங்குறீங்களா? எரிகா பூத்பி குழு 2018-இல் வெளியிட்ட ஆய்வுப்படி, முதல் பேச்சுக்கு அப்புறம் எதிராளிக்கு நம்மைப் பிடிச்ச அளவை நாம குறைச்சுத்தான் எடை போடுறோம். அவங்களும் இதே தயக்கத்துல இருக்கலாம். அதனால அடுத்த மெசேஜை நீங்களே அனுப்புங்க.

பழைய கேங்கோட தினமும் வீடியோ கால் பேசுங்க, வேண்டாம்னு சொல்லல. ஆனா அந்த மணி நேரம் புது ஊர்க் கணக்குல ஏறாது. ஜாயின் பண்ற முதல் மாசமே வாரத்துல ஒரு நாளை அதுக்குன்னு ஒதுக்கிடுங்க.