பழைய முகவரிக்கு வருபவரை எங்கே அனுப்புவது?

2012 அக்டோபர் 17 அன்று பிரிட்டன் அரசு தன் இரண்டு பெரிய இணையதளங்களுக்கு விடைகொடுத்தது. பொதுமக்களுக்கான ‘டைரக்ட்கவ்’, தொழில் செய்பவர்களுக்கான ‘பிசினஸ் லிங்க்’ இரண்டின் இடத்திலும் ‘கவ்.யுகே’ என்ற ஒரே தளம் வந்தது. ஆனால் பழைய பக்கங்களின் முகவரிகள் மக்களின் புக்மார்க்குகளிலும் மற்ற தளங்களின் இணைப்புகளிலும் கூகுளிலும் அப்படியே இருந்தன.

புதிய தளத்தை உருவாக்கிய குழு எடுத்த முடிவு பாராட்டத்தக்கது. பழைய முகவரிகளை ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டு, அதே தகவல் புதிய தளத்தில் இருந்தால் நேரே அந்தப் பக்கத்துக்கு அனுப்பினார்கள். சர்வர் மொழியில் இது 301: ‘நிரந்தரமாக இடம் மாறியது’. தகவலே கைவிடப்பட்டிருந்தால் 410: ‘நீக்கப்பட்டுவிட்டது’. அந்த அறிவிப்போடு, தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ள பழைய பிரதிக்கும் வழி காட்டினார்கள்.

தளத்தைப் புதுப்பிக்கும் பலர் இந்த வேலைக்குச் சோம்பி, பழைய முகவரிகள் எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்கே திருப்பிவிடுகிறார்கள். வாசகர் தேடி வந்தது கிடைக்காது. கூகுளும் அதைப் பெரும்பாலும் ‘பக்கம் இல்லை’ என்றே கணக்கில் எடுத்துக்கொள்ளும்.

ஆயிரக்கணக்கான முகவரிகளை எப்படித் திருப்புவது? அப்பாச்சி சர்வரில் ‘எச்டிஆக்சஸ்’ கோப்பில் வரிக்கு ஒரு விதி எழுதுவது பழகிய வழி. பத்து, இருபது முகவரிகளுக்கு அது போதும். ஆனால் அந்தக் கோப்பை ஒவ்வொரு கோரிக்கைக்கும் சர்வர் படித்து, விதிகளை வரிசையாக ஒப்பிட்டுப் பார்க்கிறது. விதிகள் பெருகினால் தளம் திணறும். அதற்குப் பதிலாக, பழையது ஒரு பத்தியிலும் புதியது அடுத்த பத்தியிலுமாக ஓர் அட்டவணை தயாரிக்கலாம். அப்பாச்சியில் ‘ரீரைட்மேப்’, என்ஜின்எக்ஸ் சர்வரில் ‘மேப்’ இதற்கென்றே இருக்கின்றன. ஐம்பதாயிரம் வரிகள் இருந்தாலும் சர்வர் வேண்டியதை நொடியில் எடுத்துவிடும். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: ரீரைட்மேப்பை எச்டிஆக்சஸில் அறிவிக்க முடியாது, சர்வரின் மூல அமைப்புக் கோப்பில்தான் முடியும்.

தமிழில் முகவரி வைத்திருப்பவர்களுக்குக் கூடுதல் சிக்கல் ஒன்று உண்டு. ‘க’ என்ற ஒரே எழுத்து சர்வருக்குப் போகும்போது ஒன்பது குறிகளாக விரியும், ‘கி’ பதினெட்டாகும். அட்டவணையில் தமிழாகவே எழுதிவிட்டு, விரிந்த வடிவத்தோடு ஒப்பிடும்படி அமைத்தால் ஒரு வரிகூடப் பொருந்தாது. என்ஜின்எக்ஸில் இரண்டு வடிவங்களுக்கும் தனித்தனி மாறிகள் உண்டு. எது எதுவென்று பார்த்துப் பயன்படுத்த வேண்டும்.

சோதித்து முடிக்கும்வரை 302 என்ற தற்காலிகக் குறியீட்டையே வையுங்கள். தவறான 301-ஐ பிரவுசர் நினைவில் வைத்துக்கொண்டால், சர்வரில் திருத்திய பிறகும் அந்த வாசகர் தவறான இடத்துக்கே போய்க்கொண்டிருப்பார். இரண்டாம் முறை தளம் மாறும்போது பழைய அட்டவணையின் இலக்குகளையும் திருத்துங்கள். இல்லாவிட்டால் ஒன்றிலிருந்து இன்னொன்று, அதிலிருந்து மற்றொன்று என்று சங்கிலி நீளும். பத்துத் தாவல்களுக்கு மேல் கூகுள் பின்தொடராது.

2013-இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவீதம் பத்தாண்டுகளில் கிடைக்காமல் போனதாக அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024-இல் கண்டறிந்தது. இடம் மாறிய பக்கங்களையாவது நாம் காப்பாற்றலாம். இந்தத் திருப்பல்களை, அதாவது ரீடைரக்டுகளை, குறைந்தது ஓராண்டாவது வைத்திருக்கச் சொல்கிறது கூகுள். முடிந்தவரை எடுக்காமலே இருப்பது நல்லது. தளத்தோடு டொமைனும் மாறியிருந்தால், பழைய டொமைனின் ஆண்டுக் கட்டணத்தையும் தவறாமல் கட்டிவாருங்கள். அது கைமாறிப்போனால் அட்டவணை இருந்தும் பயனில்லை.