பிடி அரிசியும் முதல் பட்டதாரியும்

கலாசாலை மாணவன் ஒருவன் பின்வரிசையைத் தேடிப் போவதையும் தேர்வில் தவறுவதையும் கண்டவுடன், அவனுக்குப் படிப்பில் சிரத்தையில்லை என்று தீர்ப்பளித்துவிடுகிற நாம், சிரத்தை என்பது பிறவியிலேயே வாய்க்கும் குணம் போலவும், அதில் வீட்டுக்கும் ஊருக்கும் பங்கே இல்லாதது போலவும் பேசுகிறோம்.

விருதுநகர் அப்படி நினைக்கவில்லை. 1889இல் அங்கே தோன்றிய க்ஷத்திரிய வித்தியாசாலைக்கு வணிகர்கள் தமக்குள் வசூலித்த மகமைப் பணமும், வீடுதோறும் ஒதுக்கிய பிடி அரிசியும் ஆதாரமாயிருந்தன. காமராஜர் படித்த பள்ளி அது. தந்தையை இழந்த அவர் படிப்பைப் பாதியில் விட நேர்ந்தது, ஊரார் துணைக்கும் ஓர் எல்லை உண்டு என்பதற்குச் சாட்சி.

இன்று அந்தப் பிடி அரிசியின் ஸ்தானத்தில் அரசாங்கம் நிற்கிறது. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகை உண்டு. அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்விக்கு வரும் பெண்ணுக்கு 2022 முதல் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. ஜெராக்ஸ் கடைக்குக்கூட அப்பாவிடம் கை நீட்டத் தயங்கும் பெண்ணுக்கு இது அற்பத் தொகையன்று.

ஆனால், "எங்க கஷ்டம் எங்களோட போகட்டும், நீ படி ராசா" என்று தாய் சொல்லியனுப்பிய சொல்லே, விடியற்காலையில் எழுப்பிப் படிக்க வைக்கும் உற்சாகமாகவும், முதல் பருவத்தில் இரண்டு அரியர் விழுந்தபின் வீட்டுக்குப் போன் பேசவே அஞ்ச வைக்கும் பாரமாகவும் ஆகிவிடுகிறது. தங்கையின் கல்யாணத்தை நினைத்துப் படிப்பவனை, பாடத்தின்மீதுள்ள ருசியால் படிப்பவனுக்குக் கீழாக வைப்பது என் அபிப்பிராயத்தில் அநியாயம். அவனுக்குக் குறைவது ஆசையன்று. தன் வீட்டில் யாரும் நடந்திராத வழியில், "எனக்கும் இப்படித்தான் இருந்தது" என்று சொல்ல ஓர் ஆள்.

அச்சொல்லின் வலிமையை அமெரிக்காவில் வால்டன், கோஹன் என்ற இரு உளவியல் அறிஞர்கள் சோதித்தார்கள். கல்லூரியில் தமக்கு இடமில்லையோ என்ற கலக்கம் எல்லோருக்கும் வருவதே, நாளடைவில் தீர்வதே என்று மூத்த மாணவர்கள் கூறியதை முதலாண்டு மாணவர்களுக்குப் படிக்கக் கொடுத்தார்கள். ஒரு மணி நேரப் பயிற்சிதான். அடுத்த மூன்றாண்டுகளில் கறுப்பின மாணவர்களின் மதிப்பெண் உயர்ந்து, வெள்ளையரோடிருந்த வித்தியாசம் பாதியாகக் குறைந்தது என்று 2011இல் வெளியிட்டார்கள்.

நம் கல்லூரிகளில் மூத்த மாணவருக்குப் பஞ்சமில்லை. அவர்களிலும் முதல் பட்டதாரிகள் ஏராளம். பேராசிரியர்களே, முதல் பருவத் தேர்வு முடிவு வெளியாகும் வாரத்தில், அரியர் வைத்துப் பின்பு தேறிவிட்ட மூன்றாமாண்டு மாணவர் இருவரை முதலாண்டு வகுப்புக்கு அழைத்து வந்து, ஒரு மணி நேரம் பேசவிடுங்கள்.