முன்பாரமா, பின்பாரமா? பெட்டி புறப்படுமுன் பாருங்கள்



மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள பக்கத்தைப் படுவான்கரை என்பார்கள். வலையிறவுப் பாலத்தைத் தாண்டினால் வவுணதீவு. 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு மலையை விட்டு வடக்கு, கிழக்குப் பக்கம் போய்க் குடியேறிய சொந்தக்காரர்கள் நம்மில் பலருக்கு உண்டு. அவர்களைப் பார்க்க அறுவடை நேரத்தில் போனவர்களுக்கு அந்தப் பாதைகள் தெரிந்திருக்கும். உழவு இயந்திரமும், பின்னால் நெல் மூட்டை அடுக்கிய பெட்டியுமாகப் போய்க்கொண்டே இருக்கும். ட்ரெய்லர் என்பதை அங்கே பெட்டி என்றுதான் சொல்வார்கள்.

அது சமதரை. பாரம் கொஞ்சம் பிசகாக ஏற்றியிருந்தாலும் அங்கே பல நேரம் தப்பிவிடலாம். நம் தோட்டத்தில் அதே மாதிரிப் பெட்டி கொழுந்தும் விறகும் உரமும் ஏற்றிக்கொண்டு வளைவுப் பாதையில் இறங்குகிறது. ஆகவே பெட்டியைப் பார்த்து மதிப்பிடும் பழக்கம் அவர்களைவிட நமக்குத்தான் அதிகம் வேண்டும்.

மாட்டு வண்டிக்காரர்கள் முன்பாரம், பின்பாரம் என்று சொல்வார்கள். இரண்டே சில்லு உள்ள பெட்டிக்கும் கணக்கு அதேதான். பாரம் அச்சுக்குக் கொஞ்சம் முன்னால் அதிகமாக இருக்க வேண்டும். அப்போது இழுவைத் தண்டு கொக்கியைக் கீழே அழுத்தும், இயந்திரத்தின் பின் சில்லு தரையைப் பிடிக்கும். மொத்தப் பாரத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கொக்கியில் உட்கார்ந்தால் போதும். பாரம் பின்னால் போய்விட்டால் தண்டு மேலே தூக்கும். பின் சில்லில் பிடி குறையும். பெட்டி பாம்பு மாதிரி இரண்டு பக்கமும் ஆடும். அதற்காக எல்லாவற்றையும் முன்னால் குவித்தாலும் ஆபத்துதான். இயந்திரத்தின் முன் சில்லு லேசாகி, ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் கேட்காது. இதைப் பார்க்க மீட்டர் ஒன்றும் வேண்டாம். பக்கவாட்டில் பத்தடி தள்ளி நின்று பாருங்கள். பெட்டியின் முன் பக்கம் அண்ணாந்து நிற்கிறதா, இயந்திரத்தின் மூக்கு தூக்கிக்கொண்டு நிற்கிறதா என்று தெரிந்துவிடும்.

அடுத்தது நிறை. நெல் மூட்டை ஒன்றை 65 கிலோ என்று வைத்தால், 50 மூட்டை 3,250 கிலோ. அதோடு பெட்டியின் சொந்த நிறையும் சேரும். மணல்தான் பலரை ஏமாற்றுவது. ஒரு கியூப் மணல் ஏறத்தாழ நாலரை தொன், ஈரமென்றால் அதற்கும் மேலே. பெட்டி பாதிதான் நிறைந்திருக்கும், ஆனால் டயர் பிதுங்கிவிடும். மழை நாள் கொழுந்தும் அப்படித்தான், சாக்கு அதே சாக்கு, பாரம் வேறு. எவ்வளவு ஏற்றலாம் என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. வெறும் நிறையும் மொத்த நிறையும் பதிவுச் சான்றிதழிலேயே இருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஏற்றக்கூடிய சுமை. "போன முறையும் இவ்வளவு ஏத்தினோமே, ஒண்ணும் ஆகலையே" என்பது கணக்கல்ல.

இறக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏற்றத்தில் இயந்திரம் பெட்டியை இழுக்கிறது. இறக்கத்தில் பெட்டி இயந்திரத்தைத் தள்ளுகிறது. பல பெட்டிகளுக்குத் தனி பிரேக் கிடையாது. ஆகவே இறங்கத் தொடங்குமுன்பே சின்ன கியரில் போட்டுவிட வேண்டும். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுவது உயிரோடு விளையாடுவது. பெரிய இயந்திரத்தில் இடது, வலது சில்லுகளுக்குத் தனித்தனி பிரேக் மிதி உண்டு. வயலில் திரும்ப அது வசதி. பாதையில் இரண்டையும் கொளுவிப் பூட்டாமல் ஓட்டினால், ஒரு பக்கம் மட்டும் பிடித்து வண்டி சுழன்றுவிடும். இரண்டு சில்லு லேண்ட்மாஸ்டரில் இன்னொரு விசித்திரம் இருக்கிறது. சமதரையில் வலது கிளச்சைப் பிடித்தால் வலப்பக்கம் திரும்பும். பெட்டி தள்ளுகிற இறக்கத்தில் அதே கிளச்சைப் பிடித்தால் இடப்பக்கம் திரும்பும்! சமதரையில் பழகியவர் மலைக்கு வந்து முதல் நாளே தடுமாறுவது இதனால்தான்.

சட்டப் பக்கமும் பார்ப்போம். பெட்டிக்கும் பதிவு வேண்டும், இலக்கம் தெரிய வேண்டும். சாரதியிடம் அந்த வகை வண்டிக்கான அனுமதிப்பத்திரம் இருக்க வேண்டும். கார் ஓட்டும் லைசன்ஸ் இருப்பது மட்டும் போதாது. கொக்கி ஆணிக்குக் கிளிப் இருக்கிறதா என்று பாருங்கள். கம்பித் துண்டை வளைத்துச் செருகியிருந்தால் அந்தப் பெட்டியை நம்பாதீர்கள். பின்னால் சிவப்பு விளக்கோ ஒளிரும் பட்டியோ இல்லாத பெட்டி இருட்டில் வெறும் சுவர். விறகோ வைக்கோலோ விளக்கை மறைத்து நீட்டிக்கொண்டிருந்தாலும் அதே கதைதான். மூட்டைகளைச் செங்கல் கட்டுவதுபோல் மாற்றி மாற்றி அடுக்கி, கயிற்றை இருபுறமும் இறுக்கிக் கட்டியிருக்க வேண்டும். பலகைக்கு மேலே உயர உயர, வளைவில் சாயும் பயமும் உயரும்.

இவ்வளவும் சரியாக இருந்தாலும் மேலே ஆள் ஏறினால் எல்லாம் வீண். பெட்டி சாமான் ஏற்றுவதற்கு. பிடிக்க ஒன்றுமில்லை, கவிழ்ந்தால் சுமையும் நம்மீதே விழும். 2024 நவம்பர் 26ஆம் திகதி, வெள்ள நேரத்தில், அம்பாறை மாவட்டத்தின் காரைதீவு, மாவடிப்பள்ளிப் பகுதியில் மத்ரஸா மாணவர்களை ஏற்றிச் சென்ற உழவு இயந்திரம் வெள்ளத்தில் அகப்பட்டது. வீடு திரும்பிக்கொண்டிருந்த பிள்ளைகள் உயிரிழந்தார்கள். பெரிய சில்லு இருக்கிறது, கடந்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் ஓடும் தண்ணீர் பெட்டியைப் பக்கவாட்டில் தள்ளும், பாரம் குறைந்த பெட்டியைத் தூக்கவும் செய்யும். பெட்டி போனால் இயந்திரத்தையும் இழுத்துக்கொண்டுதான் போகும்.

"ஏறலைன்னா பெரட்டுக்குப் பிந்திடும், அரைப்பேர் போட்டுடுவாங்க" என்று நம் பெண்கள் சொல்வது நியாயமான பயம். ஒருத்தி தனியாக மறுத்தால் அவள்மீதுதான் கோபம் வரும். ஆகவே மலைக்குப் போகுமுன், கொந்தரப்பு ஆட்கள் எல்லோருமாகத் தோட்டத் தலைவரிடம் சொல்லுங்கள். தூர மலைக்கு ஆள் ஏற்றத் தகுந்த வண்டி கேட்டு, தலைவர் மூலம் எழுத்தில் கொடுங்கள். துரை கையெழுத்திட்ட பிரதியொன்றை வாங்கி வையுங்கள். வேலையின்போது காயம்பட்டால் 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டப்படி நட்டஈடு கேட்க உரிமை உண்டு. அதற்குச் சம்பவம் அன்றே பதிவாக வேண்டும். எந்த வண்டி, எத்தனை மணி, யார் ஏறச் சொன்னது என்ற மூன்றையும் டிஸ்பென்சரியில் காயத்தைக் காட்டும்போதே எழுதச் சொல்லுங்கள்.