மார்ஷலுக்கு வந்த பாக்கி

வங்கதேசப் போரை வென்றுகொடுத்த சாம் மானெக்ஷா, குன்னூரில் 35 ஆண்டுகள் அமைதியான குடும்பஸ்தராக வாழ்ந்தார். அவருக்குத் தரவேண்டியதைத் தர தில்லிக்கு 34 ஆண்டுகள் பிடித்தன.

2007-ல் நீலகிரியின் வெலிங்டன் ராணுவ மருத்துவமனைக்கு ஒரு முக்கிய விருந்தாளி வந்தார். அப்போதைய ஜனாதிபதி அப்துல் கலாம். அவர் நலம் விசாரிக்க வந்தது, தொண்ணூறைத் தாண்டிய பீல்டு மார்ஷல் சாம் மானெக்ஷாவை. அந்த ஆண்டே சுமார் 1.3 கோடி ரூபாய்க்கான காசோலை மானெக்ஷாவின் கைக்கு வந்தது. பரிசு என்று யாரும் நினைத்துவிடக்கூடாது. அத்தனையும் சம்பள பாக்கி.

ராணுவ விதிப்படி பீல்டு மார்ஷலுக்கு ஓய்வே கிடையாது. ஆயுள் முழுவதும் அவர் பணியில் இருப்பதாகவே கணக்கு. முழுச் சம்பளமும் சலுகைகளும் உண்டு. 1973 ஜனவரியில் இந்தியாவின் முதல் பீல்டு மார்ஷலாக மானெக்ஷாவை உயர்த்திய அரசு, தோளில் பட்டையைப் போட்டதோடு நின்றுவிட்டது. உரிய பணம் வந்து சேர்ந்தபோது, கிடைத்த வருமானத்தில் அவருடன் குடும்பம் நடத்திய சிலூ இறந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

மானெக்ஷா சிப்பாய் வேலைக்கு வந்ததே அப்பாவிடம் கொண்ட கோபத்தால்தான். 1914 ஏப்ரல் 3-ல் அமிர்தசரஸில் ஒரு பார்சி டாக்டரின் ஆறு பிள்ளைகளில் ஐந்தாவதாகப் பிறந்தவர். லண்டன் சென்று தானும் டாக்டராகப் படிக்க ஆசைப்பட்டார். வயது போதாது என்று அப்பா மறுத்துவிட்டார். வீம்புக்கு ராணுவத் தேர்வு எழுதினார், தேறிவிட்டார். 1932-ல் டேராடூனில் தொடங்கிய இந்திய ராணுவ அகாடமியின் முதல் அணி மாணவர்கள் 40 பேரில் அவரும் ஒருவர்.

1937-ல் லாகூரில் ஒரு விருந்தில் சிலூ போடேவைச் சந்தித்தார். பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் படித்தவர், ஓவியம் தெரிந்தவர். 1939 ஏப்ரல் 22-ல் திருமணம். அடுத்த ஜனவரியில் மூத்த மகள் பிறந்தாள்.

அந்தக் குழந்தைக்கு இரண்டு வயது ஆனபோது அப்பா இல்லாமல் போயிருக்க வேண்டியது. 1942 பிப்ரவரி 22, பர்மாவின் சிட்டாங் பாலம். ஜப்பானியரை எதிர்த்து தன் கம்பெனியை நடத்திச் சென்ற கேப்டன் மானெக்ஷாவின் உடலில் இயந்திரத் துப்பாக்கிக் குண்டுகள் பாய்ந்தன. பிழைக்கமாட்டார் என்று நினைத்த தளபதி ஜெனரல் கோவன், தன் மார்பிலிருந்த மிலிட்டரி கிராஸ் பட்டையைக் கழற்றி அவர் சட்டையில் குத்தினார். காரணம், அந்தப் பதக்கம் அப்போது இறந்தவர்களுக்குத் தரப்பட்டதில்லை.

காப்பாற்றியவர் அவருடைய ஆர்டர்லி, சிப்பாய் ஷேர்சிங். காயம்பட்ட அதிகாரியைச் சுமந்துகொண்டுபோய் ஓர் ஆஸ்திரேலிய டாக்டரிடம் சேர்த்தார். 'தேறாத கேஸ்' என்று டாக்டர் முதலில் கைவிரித்தார். நினைவு திரும்பிய மானெக்ஷாவிடம் என்ன ஆயிற்று என்று கேட்டபோது, கோவேறு கழுதை உதைத்துவிட்டது என்று பதில் வந்ததாம். இந்த நிலையிலும் கிண்டல் பேசுகிறவனை விட்டுவிட மனமில்லாமல் டாக்டர் கத்தியை எடுத்தார். குடலின் பெரும்பகுதியை வெட்டி எறிய வேண்டியிருந்தது. மிச்சத்தை வைத்துக்கொண்டு 66 ஆண்டுகள் வாழ்ந்து காட்டினார் மானெக்ஷா. 1945-ல் இரண்டாவது மகள் பிறந்தாள்.

பிரிவினையில் அவருடைய தாய் ரெஜிமெண்ட் பாகிஸ்தானுக்குப் போனது. அவர் இந்தியாவிலேயே இருந்தார். உடன் பணியாற்றிய யாஹியா கான் அவரிடம் 1,000 ரூபாய்க்கு ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கிக்கொண்டு பாகிஸ்தான் போனார், பணம் வரவில்லை. 1971-ல் அதே யாஹியா கான் பாகிஸ்தானின் அதிபர். 'வண்டிக்கு விலையாகப் பாதி நாட்டையே கொடுத்துவிட்டார்' என்பது மானெக்ஷா பிற்காலத்தில் ரசித்துச் சொன்ன ஜோக்.

நீலகிரியுடனான உறவு இனிமையாகத் தொடங்கவில்லை. 1959-ல் வெலிங்டன் ராணுவப் பணியாளர் கல்லூரியின் தலைவராக வந்தார். மனதில் பட்டதைப் பேசிவிடும் வாய். தேசபக்தி குறைந்தவர் என்ற ரீதியில் புகார்கள் தில்லிக்குப் போயின, விசாரணை வந்தது. குற்றமற்றவர் என்று தீர்ப்பாகும் வரை அவரது எதிர்காலம் தொங்கலில் நின்றது. 1962-ல் சீனாவிடம் அடி வாங்கியதும் அரசு அவரைத்தான் தேடியது. தேஜ்பூரில் நொறுங்கிக் கிடந்த நான்காவது கோரின் பொறுப்பை ஏற்றவர், எழுத்து மூலமான உத்தரவில்லாமல் யாரும் பின்வாங்கக்கூடாது, அப்படி ஓர் உத்தரவு வரவே வராது என்று அறிவித்தார்.

1969 ஜூனில் தலைமைத் தளபதி ஆனார். 1971 ஏப்ரலில், கிழக்குப் பாகிஸ்தான் அகதிகள் எல்லையில் குவிந்தபோது, உடனே படையெடுக்க முடியாது என்று பிரதமர் இந்திரா காந்தியிடம் நேருக்கு நேர் சொன்னதை அவரே பலமுறை விவரித்திருக்கிறார். பருவமழையில் வங்காளம் கடலாகிவிடும். பனி விழுந்து மலைப்பாதைகள் மூடினால்தான் சீனாவின் தொல்லை இருக்காது. வேண்டுமானால் ராஜினாமா தருகிறேன் என்றார். இந்திரா ஏற்கவில்லை, அவகாசம் கொடுத்தார். டிசம்பர் 3-ல் தொடங்கிய போர் 16-ந் தேதி டாக்காவில் முடிந்தது. சுமார் 93,000 பேர் கைதானார்கள். கிழக்குப் பாகிஸ்தானில் பெண்களைக் கண்டால் கைகளைப் பைக்குள் விட்டுக்கொண்டு சாமை நினைத்துக்கொள்ளுங்கள் என்று வீரர்களிடம் அவர் சொன்னதாக இன்றும் ராணுவத்தில் சொல்வார்கள்.

1973 ஜனவரி 15-ல் தளபதிப் பதவியிலிருந்து விலகினார். தில்லியில் பங்களா, கவர்னர் பதவி என்று அலையவில்லை. குன்னூரில் வீடு. அதற்கு ரஷ்ய ராணுவத் தலைமையகத்தின் பெயரான 'ஸ்டாவ்கா' என்று பெயர். சில கம்பெனிகளின் இயக்குநர் குழுக்களில் இடம்பெற்றார். மற்றபடி மனைவி, மகள்கள், பேரப்பிள்ளைகள். முகாம் முகாமாக மாறிய முப்பது ஆண்டு வாழ்க்கைக்குப் பின் சிலூவுக்குக் கிடைத்த நிலையான வீடு அதுதான். 2001 பிப்ரவரி 13-ல் அவர் மறையும் வரை, ஏறக்குறைய 62 ஆண்டு தாம்பத்தியம்.

2008 ஜூன் 27-ல் நிமோனியா தாக்கி வெலிங்டன் மருத்துவமனையில் மானெக்ஷா இறந்தார். வயது 94. ராணுவ மரியாதைக்குக் குறைவில்லை. தில்லியின் மரியாதைக்குத்தான் பஞ்சம். ஜனாதிபதி வரவில்லை. பிரதமர் வரவில்லை. பாதுகாப்பு அமைச்சரும் வரவில்லை. இணை அமைச்சர் பல்லம் ராஜு வந்தார். தேசிய துக்கமும் அறிவிக்கப்படவில்லை. ஒரு போரை வென்ற தளபதியை வழியனுப்ப இவ்வளவுதானா என்று முன்னாள் வீரர்கள் கொதித்தார்கள்.

பிறகு ஒவ்வொன்றாக வந்தன. அதே ஆண்டு டிசம்பர் 16-ல் தபால் தலை. 2009-ல் ஊட்டி-குன்னூர் சாலைப் பாலத்துக்கு அவர் பெயர். தில்லி கண்டோன்மெண்டில் மானெக்ஷா மையம். பாலத்தின் அருகே கருங்கல் சிலை. 2023-ல் 'சாம் பகதூர்' என்ற இந்திப் படம்.

பாக்கிக்காகக் காத்திருந்தவர் அவர் மட்டுமல்ல. ஒரே பதவிக்கு ஒரே ஓய்வூதியம் கேட்டு 2015-ல் முன்னாள் சிப்பாய்கள் ஜந்தர் மந்தரில் மாதக்கணக்கில் உட்கார்ந்த பிறகே நவம்பரில் உத்தரவு பிறந்தது. நாடறிந்த மார்ஷலுக்கே 34 ஆண்டுகள் என்றால், பெயர் தெரியாத ஹவில்தாரின் மனு எந்த மேஜையில் தூங்கும் என்பதை ஊகிப்பது கடினமல்ல. ஷேர்சிங்குகள் எல்லாம் அந்த வரிசையில் நிற்பவர்கள்.

உதகையில் பார்சிகளின் சிறிய மயானம் ஒன்று இருக்கிறது. மானெக்ஷாவை அங்கேதான் அடக்கம் செய்தார்கள், சிலூவின் கல்லறைக்குப் பக்கத்தில்.